படம் எடுத்தால் போதுமா? கொட்டகை யாருடையது?

(கோவில்பட்டியில் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்திற்கு என்னை அழைத்த தோழர்கள், அழைப்போடு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். “தீப்பெட்டித் தொழிலில் உழலும் நம் பெண்மக்களின் வாழ்க்கையை நாமே ஒரு படமாக எடுக்க வேண்டும் என்று வாலிபர்கள் துடிக்கிறார்கள். உண்டியலைத் தூக்கிக்கொண்டு வசூலுக்குக் கிளம்பலாமா? கூடாதா?” என்பதே அந்தக் கேள்வி.

கிளம்பலாம் என்பதுதான் என் பதில். ஆனால் உண்டியலைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் தூக்குங்கள் என்று சொல்லவே நான் வந்திருக்கிறேன். எத்தனை ரூபாய் சேரும் என்று எண்ணுவதற்கு முன்னால், எத்தனை ஊரில், எத்தனை இடத்தில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு அந்தப் படத்தைக் காட்டப் போகிறீர்கள் என்று எண்ணுங்கள். இதை எண்ணாமல் படம் எடுத்தவர்கள் நமக்கு முன்னால் பலர் உண்டு. அவர்கள் திறமைசாலிகள், தியாகிகள், நம்மைவிடப் பெரியவர்கள். ஆயினும் அவர்கள் எடுத்த படங்கள் எவருக்காக எடுக்கப்பட்டனவோ, அவர்கள் கண்ணில் படாமலே போயின. அந்தக் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

“கூலி உயர்வுக்குப் போராட வேண்டிய நேரத்தில் சினிமா எதற்கு?” என்று கேட்கும் தோழர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது; அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நம் பெண்கள் பகலெல்லாம் குச்சி அடுக்குகிறார்கள், பெட்டி ஒட்டுகிறார்கள். இரவில் வீட்டுக்கு வந்து அலுத்த கண்ணோடு பார்ப்பது எதை? மாளிகையில் வாழ்வோரின் மாமியார் மருமகள் சண்டையை! தன் வாழ்க்கையைத் தவிர மற்ற எல்லார் வாழ்க்கையையும் அவள் திரையில் பார்த்துவிட்டாள். தன்னுடைய வாழ்க்கை பார்க்கத் தகுந்ததே அன்று என்று ஒருத்தியை நம்ப வைத்துவிட்டால், அந்த வாழ்க்கையை மாற்றுவதற்கு அவள் எப்படி எழுவாள்? ஆகவே கூலிப் போராட்டமும் இதுவும் எதிரிகளல்ல.

பருத்தி போட்டவன் கதை

சினிமா வியாபாரம் பெரிய மந்திரம் என்று எண்ணிக்கொண்டு பயப்பட வேண்டாம். கரிசல் காட்டுச் சம்சாரிக்கு அதைப் புரியவைப்பதைப்போல எளிய காரியம் வேறில்லை.

வானத்தை நம்பி உழுகிறான். கடன் வாங்கி விதைக்கிறான். களை எடுக்கிறான், பூச்சிக்கு மருந்தடிக்கிறான். வெடித்த பருத்தியை மூட்டை கட்டிக் கமிஷன் கடைக்குக் கொண்டு போகிறான். அங்கே விலை சொல்பவன் யார்? இவனா? இல்லை! தரகு, எடைக்குறைவு, சாக்குக்கழிவு, முன்பணத்துக்கு வட்டி எல்லாம் போக, மிஞ்சியதைக் கையில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழி இந்த மண்ணில் சும்மா பிறக்கவில்லை.

சின்னப் படம் எடுப்பவன் கதையும் இதுவே. அவனும் வட்டிக்கு வாங்கித்தான் விதைக்கிறான். படம் முடிந்தபிறகு விநியோகஸ்தரின் வாசலில் நிற்கிறான். தமிழ்நாட்டைச் சினிமா வியாபாரிகள் ‘ஏரியா’க்களாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். சென்னை ஒரு ஏரியா, செங்கற்பட்டும் ஆர்க்காடுகளும் ஒன்று, கோவை ஒன்று, சேலம் ஒன்று, திருச்சி தஞ்சாவூர் ஒன்று, மதுரை இராமநாதபுரம் ஒன்று, திருநெல்வேலி கன்னியாகுமரி ஒன்று. நம் கோவில்பட்டி இந்தக் கடைசி ஏரியாவைச் சேர்ந்தது. தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்ட ஜில்லா 1986-லேயே பிரிந்துவிட்டது. சினிமா வியாபாரத்தில் மட்டும் நாம் இன்னும் திருநெல்வேலிதான்!

பெரிய நடிகர் நடித்த படத்திற்கு விநியோகஸ்தர் ‘மினிமம் கியாரண்டி’ என்று ஒரு தொகையை முன்கூட்டியே கட்டுகிறார். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தொகை தயாரிப்பாளருக்கு உண்டு. முகம் தெரியாத நடிகர்களை வைத்துப் படம் எடுத்தவனுக்கோ ஒரு காசும் முன்பணம் இல்லை. “நீயே வாடகை கட்டு, நீயே விளம்பரம் ஒட்டு, வசூல் வந்தால் எங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறோம்” என்கிறார்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு பிலிம் பிரதி போட வேண்டும், அது பெருஞ்செலவு. இப்போது பிலிம் போய்விட்டது, டிஜிட்டல் வந்துவிட்டது, செலவு தொலைந்தது என்று சின்னப் படக்காரர்கள் ஆனந்தப்பட்டார்கள். ஆனால் நடந்தது என்ன? கருவியை மாட்டிய கம்பெனிகள், படத்தைத் திரையிடத் தயாரிப்பாளரே கட்டணம் கட்ட வேண்டும் என்றன. பூட்டும் அவர்கள் கையில், சாவியும் அவர்கள் கையில்! அந்தக் கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஒன்றரை மாதம் புதுப்படமே வெளியிடாமல் நின்றார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய பாரம் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தாண்டிக் கொட்டகை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் காட்சி கிடைக்கும்? வேலை நாளில் காலைக் காட்சி! தீப்பெட்டித் தொழிலாளியைப் பற்றிய படத்தைத் தீப்பெட்டித் தொழிலாளி வேலைக்குப் போன நேரத்தில் காட்டுவார்கள். மூன்றாம் நாள், “பார்த்தீர்களா? ஏழைகளைப் பற்றிய படத்தை ஏழைகளே பார்க்க வருவதில்லை” என்று கையை விரிப்பார்கள். வரவிடாமல் கதவைச் சாத்திவிட்டு, வரவில்லை என்று பழி போடும் வித்தை இது!

1960: பாதை தெரிந்தது, கொட்டகை தெரியவில்லை

இனி நம் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1960 நவம்பரில் ‘பாதை தெரியுது பார்’ என்ற படம் வெளிவந்தது. குமரி பிலிம்ஸ் தயாரிப்பு. இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்த கலைஞர்களும் அனுதாபிகளும் கூட்டாகச் சேர்ந்து, தொழிலாளர் வாழ்வையும் போராட்டத்தையும் சொல்ல வேண்டும் என்ற வேட்கையோடு உருவாக்கிய படம் அது.

யார் யார் அதில் உழைத்தார்கள்? இயக்கியவர் நிமாய் கோஷ். தேசப் பிரிவினையால் அகதிகளான மக்களைப் பற்றி 1950-ல் வங்காளத்தில் ‘சின்னமூல்’ என்ற படத்தை எடுத்தவர். சோவியத் நாடு வரை போன படம் அது. சென்னைக்கு வந்து இங்கேயே தங்கி, திரைத்தொழிலாளரின் சங்கங்களைக் கட்டுவதில் முன்னின்றவர். இசையமைத்தவர் எம்.பி. சீனிவாசன். பாட்டெழுதியவர்களில் ஜெயகாந்தன் உண்டு, கே.சி.எஸ். அருணாசலம் உண்டு, படம் வெளிவருமுன்பே, 1959-ல், இருபத்தொன்பது வயதில் நம்மை விட்டு மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் உண்டு. இப்படியொரு அணி தமிழ்ப் படவுலகில் அதற்கு முன்னும் சேரவில்லை. பின்னும் எளிதில் சேரவில்லை.

பலன் என்ன? மத்திய சர்க்கார் தகுதிச் சான்றிதழ் கொடுத்துப் பாராட்டியது. பாட்டுகள் நாடெங்கும் ஒலித்தன; இன்றும் வானொலியில் அவை வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. படம் மட்டும் ஓடவில்லை! பாட்டு ஓடியது, படம் நின்றது. ஏன்? பாட்டுக்கு விநியோகஸ்தர் தேவையில்லை. வாய்க்கு வாய் அது தானே போய்ச் சேர்ந்துவிடும். படத்திற்கோ கொட்டகை வேண்டும், கொட்டகை நம்முடையதன்று.

அடுத்து ஜெயகாந்தன் தாமே ‘உன்னைப்போல் ஒருவன்’ என்ற தம் கதையைப் படமாக்கினார். சேரி மக்களின் வாழ்க்கையைச் சேரியின் முகத்தோடு காட்டிய படம். அதற்கும் தேசிய அளவில் பாராட்டுக் கிடைத்தது. 1965-ல் திரைக்கு வந்தது. அதற்கும் நேர்ந்த கதி இதுவே: பத்திரிகை புகழ்ந்தது, பட வியாபாரம் புறக்கணித்தது.

இந்த இடத்தில் நாம் வழக்கமாகச் செய்வது என்ன தோழர்களே? “ஏகபோக முதலாளிகளின் சதி!” என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். சதி இருக்கலாம். முதலாளி தன் வேலையைச் செய்வான். அதற்குத்தானே அவன் முதலாளி! நாம் நம் வேலையைச் செய்தோமா என்பதல்லவா கேள்வி? மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் மக்களைத் திரட்டத் தெரிந்த ஸ்தாபனம், தன் படத்திற்கு டிக்கெட் விற்பதை ஸ்தாபன வேலையாக எடுத்துக்கொண்டதுண்டா? பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கும் தோழர் படத்திற்குப் பார்வையாளர் சேர்ப்பதையும் தன் கடமையாக எண்ணியதுண்டா? அதைக் கலைஞர்கள் பாடு என்று விட்டுவிட்டோம். பிறரைக் குற்றம் சொல்லும் வாய், சுயவிமர்சனம் செய்யவும் பழக வேண்டும்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில்

அதே 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’ என்ற படம் வந்தது. நாட்டிங்ஹாம் நகரத்து சைக்கிள் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் ஒரு தொழிலாளியின் கதை. ஆலன் சில்லிட்டோ எழுதியது, கரேல் ரைஸ் இயக்கியது. ஏறத்தாழ 1,20,000 பவுன் செலவில் முடிந்த சின்னப் படம். ஆனால் அது போட்ட பணத்தைப் பல மடங்காகத் திருப்பித் தந்தது.

நம் படம் ஏன் நின்றது, அவர்கள் படம் ஏன் ஓடியது? அந்த நாட்டில் முதலாளித்துவம் இல்லையா? உண்டு, நமக்கே பாடம் சொல்லிக்கொடுத்த முதலாளித்துவம்! ஆனால் அங்கே சில ஏற்பாடுகளும் இருந்தன. யுத்தத்திற்குப் பின் லேபர் ஆட்சிக் காலத்தில், 1949-ல், படத்திற்குக் கடன் கொடுக்கத் தேசியத் திரைப்பட நிதிக் கழகம் என்ற பொது ஸ்தாபனம் பிறந்தது. 1950-ல் மற்றோர் ஏற்பாடு வந்தது: விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஒரு பொது நிதியில் சேர்த்து, உள்நாட்டுப் படங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது. 1957-ல் அது சட்டமாகவே ஆயிற்று.

இதைக் கேட்டு உடனே மயங்கிவிட வேண்டாம். அந்தப் பொது நிதியை எப்படிப் பங்கிட்டார்கள்? அதிகம் வசூலித்த படத்திற்கு அதிகப் பங்கு! ஆகவே ஜேம்ஸ் பாண்ட் படங்களும் அதில் வயிறார உண்டன. கொழுத்தவனுக்கே மேலும் ஊட்டும் மானியம் நம் நாட்டிலும் நாம் அறியாததன்று. 1985-ல் தாச்சர் ஆட்சி அதையும் ஒழித்தது. பிறகு ‘சானல் ஃபோர்’ தொலைக்காட்சியும், லாட்டரி நிதியுமே அங்கே சின்னப் படங்களைத் தாங்கின. நிதி இருந்தால் மட்டும் போதாது, அதைப் பங்கிடும் விதியும் எளியவன் பக்கம் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்து தரும் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1969-ல் கென் லோச் என்ற இயக்குநர் ‘கெஸ்’ என்ற படத்தை எடுத்தார். வடக்கு இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்க ஊரில் வாழும் ஓர் ஏழைச் சிறுவன், ஒரு வல்லூறுக் குஞ்சை வளர்க்கிறான். கதை அவ்வளவுதான். அந்த ஊர்ப் பிள்ளைகளே நடித்தார்கள், அந்த ஊர்ப் பேச்சையே பேசினார்கள். “இந்தப் பேச்சு யாருக்குப் புரியும்?” என்று வியாபாரிகள் தயங்கினார்கள். படத்தை முதலில் அந்த வடக்கு ஊர்களிலேயே வெளியிட்டார்கள். தங்கள் முகத்தையும் தங்கள் மொழியையும் திரையில் கண்ட மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அதன் பிறகுதான் லண்டன் திரும்பிப் பார்த்தது. இன்று அந்த நாட்டின் மிகச் சிறந்த படங்களின் வரிசையில் அதை வைக்கிறார்கள்.

கரிசல் பேச்சு சென்னையில் புரியுமா என்று கேட்பவர்களுக்கு இது பதில். படத்தை முதலில் சென்னையிலா திறக்க வேண்டும்? கழுகுமலையில் திறங்கள், எட்டயபுரத்தில் திறங்கள், கயத்தாற்றில் திறங்கள்! சென்னை பிறகு வரட்டும்.

அதே கென் லோச் 2016-ல் ‘ஐ, டேனியல் பிளேக்’ என்ற படத்தை எடுத்தார். இதயநோயால் வேலை செய்ய முடியாத ஒரு தச்சர், சர்க்கார் உதவித்தொகைக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அவமானப்படும் கதை. கான் விழாவில் தலைசிறந்த பரிசு பெற்ற பிறகும் அந்தப் படம் பெரிய கொட்டகைகளோடு நின்றுவிடவில்லை. சமூகக் கூடங்களிலும் காட்டப்பட்டது. பரிசு வாங்கியவரே கூடம் கூடமாகப் போகிறார் என்றால், பரிசு வாங்காத நாம் எத்தனை கூடங்களுக்குப் போக வேண்டும்?

சர்க்கார் பணமும் கரிசல் படமும்

நம் நாட்டுக்கு வருவோம். எஸ்.கே. பாட்டீல் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, படத்திற்குக் கடன் கொடுக்க ஒரு பொது ஸ்தாபனம் வேண்டும் என்று 1951-லேயே சிபாரிசு செய்தது. அந்த ஸ்தாபனம் பிறக்க 1960 ஆயிற்று. அதன் வாரிசுதான் என்.எஃப்.டி.சி. என்று நாம் அழைக்கும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்.

அந்தக் கழகத்தின் பணத்தில் இந்த மண்ணிலிருந்தே ஒரு படம் பிறந்தது. நம் எழுத்தாளர் பூமணி 1990-களில் இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’. பூமணி கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிப்பட்டிக்காரர். கூட்டுறவுத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். பின்னாளில், 2014-ல், ‘அஞ்ஞாடி’ நாவலுக்குச் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் விடியுமுன்னே தீப்பெட்டி ஆலைக்குப் போவதைப் பற்றிய படம் அது. நாசரும் ராதிகாவும் நடித்தார்கள். தங்கர் பச்சான் ஒளிப்பதிவு செய்தார்.

அந்தப் படத்தைக் கோவில்பட்டிக் கொட்டகையில் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

உங்கள் மௌனமே பதில் தோழர்களே!

இதைவிடப் பெரிய சோகம் வேறென்ன வேண்டும்? கதை இந்த மண்ணுடையது. எழுதி இயக்கியவர் இந்த மண்ணுக்காரர். பணமோ பொதுப்பணம், அதாவது நீங்களும் நானும் கட்டிய வரிப்பணம். ஆயினும் படம் இந்த மண்ணுக்கு வந்து சேரவில்லை. விதைக்கக் கடன் கொடுத்த சர்க்கார், விளைந்ததை வீடு கொண்டுவர ஒரு வண்டி கொடுக்கவில்லை. கி. ராஜநாராயணனின் ‘கிடை’ என்ற கதையை 2003-ல் ‘ஒருத்தி’ என்ற படமாக எடுத்தார் அம்ஷன் குமார். புதுச்சேரி அரசு அதற்குப் பரிசு கொடுத்தது. இடைசெவலில் பிறந்த கதையைப் படமாக இடைசெவல்காரர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அண்டை மாநிலமான கேரளத்தில் 1975-லேயே சர்க்கார் ஒரு திரைப்பட வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. அந்தக் கழகம் சொந்தக் கொட்டகைகளையும் கட்டியது. படத்திற்குப் பணம் கொடுப்பதோடு, காட்டுவதற்கு இடமும் கொடுக்க வேண்டும் என்ற அறிவு அங்கே இருந்தது. முதலமைச்சர்களையே திரையிலிருந்து பெற்றெடுத்த தமிழ்நாட்டில், சின்னப் படத்திற்கென்று பொதுக் கொட்டகை கேட்டு நாம் உரக்கக் குரல் எழுப்பியதுண்டா? இனியாவது எழுப்ப வேண்டும்.

நடிகரின் தயவு

“காலம் மாறிவிட்டது, இப்போது இத்தகைய படங்கள் ஓடுகின்றனவே!” என்பார்கள் சிலர். உண்மைதான். நம் தோழர் ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்ற சிறுகதை 2008-ல் ‘பூ’ என்ற படமாயிற்று. குறுந்தகடு விற்கும் கம்பெனி ஒன்று படத்தொழிலில் இறங்கிய வேளையில் அதற்குப் பணம் கிடைத்தது. தேயிலை, ஏலக்காய் மலைகளின் உழைப்பாளிகளைப் பற்றிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018-ல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் நடிகர் விஜய் சேதுபதி. கடலூர் மாவட்டத்து உண்மை வழக்கை வைத்து எடுத்த ‘ஜெய் பீம்’ 2021 நவம்பரில் இணைய மேடையில் வந்தது. தயாரித்து நடித்தவர் சூர்யா. அந்த வழக்கில் நம் இயக்கத்துத் தோழர்கள் பட்ட பாடு உலகுக்கெல்லாம் தெரிந்தது.

இவர்களை நான் வாயார வாழ்த்துகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நல்ல நடிகர் மனம் இரங்கினால் படம் உண்டு, இரங்காவிட்டால் இல்லை. இணைய மேடைக்காரன் வாங்கினால் உண்டு. அவன் கணக்குப்பிள்ளை வேண்டாம் என்றால் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் படங்களை அள்ளி அள்ளி வாங்கிய அந்த மேடைகள், பிறகு கையை இறுக்கிக்கொண்டதைப் பார்த்தோம். தயவிலே வாழ்வது உரிமையிலே வாழ்வதாகாது. நம் தொழிற்சங்கம் பிறந்ததே, முதலாளியின் தயவை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே?

இரண்டு ரூபாயின் மகிமை

அப்படியானால் வழி என்ன? வழி இருக்கிறது. நடந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

1976-ல் குஜராத்தில் ‘மந்தன்’ என்ற படம் எடுக்கப்பட்டது. பால்காரர்கள் தரகனை ஒழித்துக் கூட்டுறவு சேர்ந்த கதை. இயக்கியவர் ஷியாம் பெனகல். பணம் போட்டவர் யார்? கூட்டுறவு சங்கங்களைச் சேர்ந்த 5,00,000 விவசாயிகள்! ஆளுக்கு 2 ரூபாய். மொத்தம் 10,00,000 ரூபாய். படம் வெளிவந்தபோது என்ன நடந்தது? பணம் போட்ட விவசாயிகள் லாரி லாரியாக நகரத்துக்கு வந்து தங்கள் படத்தைப் பார்த்தார்கள். அவர்கள் கொடுத்தது நன்கொடை என்று மட்டும் எண்ணாதீர்கள். இரண்டு ரூபாய் கொடுத்த கணத்திலேயே ஒவ்வொருவரும் அந்தப் படத்தின் பார்வையாளராகவும் பதிவாகிவிட்டார். விளம்பரத்திற்குத் தனிச் செலவு எதற்கு? பிறகு அந்தப் படத்தை ஊர் ஊராகக் கொண்டு போய்க் காட்டிப் புதிய கூட்டுறவு சங்கங்களைத் தொடங்கினார்கள். 2024-ல் அதே படம் புதுப்பிக்கப்பட்டுக் கான் விழாவிலும் காட்டப்பட்டது.

‘அக்ரஹாரத்தில் கழுதை’ என்ற தமிழ்ப்படத்தை 1977-ல் தந்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ‘ஒடேசா’ என்ற குழுவைச் சேர்த்து ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டி, 1986-ல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார். அங்கேயும் திரையிடல் முன்னால் வந்தது. படம் பின்னால் வந்தது.

நம் பக்கத்திலேயே மற்றோர் உதாரணம் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் கற்பனைக் கிராமமான அத்திப்பட்டியின் தாகத்தைச் சொன்ன ‘தண்ணீர் தண்ணீர்’, 1981-ல் கே. பாலசந்தர் இயக்கத்தில் படமாக வந்து தேசிய விருது பெற்றது. அதற்கு முன்னாலேயே கோமல் சுவாமிநாதனின் நாடகமாக அது மேடை மேடையாக ஏறி இறங்கியிருந்தது. படம் வருமுன்பே பார்வையாளர் தயாராகிவிட்டார்.

ஒரு கணக்கு

இனி அந்த நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 5,000 பேர், ஆளுக்கு 500 ரூபாய். 25 லட்சம் சேர்கிறது. வழக்கப்படி என்ன செய்வோம்? 25 லட்சத்தையும் படத்தில் கொட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு விநியோகஸ்தர் வாசலில் நிற்போம். அப்படிச் செய்யாதீர்கள். 15 லட்சத்தில் படத்தை முடியுங்கள். முடியாத கதையானால் கதையைச் சிறிதாக்குங்கள். 10 லட்சத்தை விதைநெல்லைப் போலத் தொடாமல் வையுங்கள்.

அந்தப் பத்தில் தணிக்கைச் சான்றிதழுக்கும், பிரதிகளுக்கும், சுவரொட்டிக்கும் இரண்டரை லட்சம். மிச்சம் ஏழரை லட்சத்தில், காட்சிக்கு 2,500 ரூபாய் வீதம் கூடத்துக்கும் கருவிக்குமாக 300 காட்சிகள் நடத்தலாம். காட்சிக்கு 150 பேர், ஆளுக்கு 50 ரூபாய் என்றால், 45,000 பேர் பார்ப்பார்கள். 22,50,000 ரூபாய் வசூலாகும். போட்ட 500-க்கு 450 மிஞ்சும். ஐம்பது ரூபாய் நஷ்டம்தான்! ஆனால் நாற்பத்தையாயிரம் பேர் தங்கள் வாழ்க்கையைத் திரையில் கண்டிருப்பார்கள். மிஞ்சிய தொகை அடுத்த படத்திற்கு முதலாக நிற்கும். கூட்டம் பாதியாகக் குறைந்தாலும் 11 லட்சத்துக்கு மேல் கையில் இருக்கும். முதற்படத்தோடு செத்துப்போக மாட்டோம்.

எழுதிக்கொள்ளுங்கள்: காட்சி வாரக்கூலி வாங்கும் நாளன்று மாலையிலோ, ஞாயிற்றுக்கிழமையிலோ இருக்க வேண்டும். கல்யாண மண்டபமும், சங்க அலுவலகமும், பள்ளிக்கூடத் திடலும் நமக்குக் கொட்டகை. வரவு செலவைக் காட்சிதோறும் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். “லாபம் தருகிறோம்” என்று ஆசை காட்டிப் பொதுமக்களிடம் பணம் வாங்குவது சட்டத்துக்கும் ஆகாது, தருமத்துக்கும் ஆகாது. முறையாகக் கூட்டுறவு சங்கமாகப் பதிவு செய்துகொண்டு தொடங்குங்கள். ஒரு விதவைத் தாய் தந்த ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்குச் சொல்ல முடியாதவன் அவள் கண்ணீரைப் படமெடுக்க யோக்கியதை இல்லாதவன்.

கடைசியாக ஒரு வார்த்தை

படத்தைத் துண்டுப் பிரசுரமாக்கிவிடாதீர்கள். கடைசிக் காட்சியில் கொடி பறந்தால் போதும், முன்னால் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று எண்ணாதீர்கள். குச்சி அடுக்கும் பெண்ணின் விரல் எப்படி ஓடுகிறது, மருந்து வாடை எப்படி அவள் சோற்றிலும் ஏறுகிறது, வேலை இல்லாத நாளில் அவள் எதைப் பற்றிச் சிரிக்கிறாள் என்பதையெல்லாம் அவளிடமே கேளுங்கள். அவள் சிரிப்பதையும் எடுங்கள். ஏழை அழுதுகொண்டே இருப்பான் என்பது மாளிகைக்காரனின் எண்ணம். எடுத்ததை முதலில் அவளுக்கே போட்டுக் காட்டுங்கள். “இது பொய்” என்று அவள் சொன்னால், வெட்டி எறியுங்கள்.

அறுபது ஆண்டுகளுக்கும் முன்னால் நம் முன்னோடிகள் ஒரு படத்தை எடுத்து, பாதை தெரிகிறது பார் என்று நமக்குப் பெயரிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தோற்றது படமெடுப்பதிலன்று. எடுத்த படத்தை ஊருக்குக் கொண்டு சேர்க்க அவர்களுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் போனதில். அந்த ஆட்கள் நாம்தான். இங்கிருந்து போனதும், கேமராவுக்கு விலை கேட்காதீர்கள். உங்கள் ஊர்க் கூடத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று அளந்து, அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்திற்கு வாருங்கள். 300 கூடங்களின் பட்டியல் என்றைக்கு நம் கையில் சேருகிறதோ, அன்றைக்கு முதல் ரூபாயை நானே உண்டியலில் போடுகிறேன்.